ஒரு ஓட்டில் வந்தது, ஒரு ஓட்டில் போனது

போன வாரம் சார்லட்டிலிருந்து கல்லூரி நண்பன் கூப்பிட்டான். "மச்சி, எலெக்ட்ரிக் கார் இப்ப வாங்கலாமாடா, இல்ல வரிச்சலுகை போனதோட கதை முடிஞ்சுதா?" என்று கேட்டான். வாங்கு, வாங்காதே என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் பத்து வருஷத்துக்கு மேலாக இந்த விஷயத்தோடு வாழ்கிறவன் என்பதால் வாயைத் திறந்ததும் பேச்சு அமெரிக்க செனட் வரைக்கும் போய், முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது. அவனிடம் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நாங்கள் இருப்பது அட்லாண்டாவுக்கு வடக்கே ஜான்ஸ் க்ரீக்கில். வீட்டுக்கு முதல் எலெக்ட்ரிக் கார் வந்தது 2014-ல், நிசான் லீஃப், மூன்று வருட லீஸ். அப்போது இந்தப் பக்கம் திரும்பின இடமெல்லாம் லீஃப்தான் நிற்கும். மத்திய அரசு 7,500 டாலர் வரிச்சலுகை கொடுத்தது, அதற்கு மேல் ஜார்ஜியா மாநிலம் தன் பங்குக்கு 5,000 டாலர் வரை கொடுத்தது. இரண்டையும் கழித்துப் பார்த்தால், பெட்ரோலுக்குப் போகிற காசிலேயே லீஸ் ஓடிவிடும். ஆல்ஃபரெட்டாவில் எங்கள் அலுவலக பார்க்கிங்கில் ஆறு சார்ஜர், பதினைந்து லீஃப். காலையில் வந்தவர்கள் மதியம் இறங்கிப்போய் வண்டியை நகர்த்தி அடுத்தவருக்கு இடம் விட வேண்டும் என்று ஓர் எழுதாத ஒப்பந்தம் இருந்தது. கண்ணாடியில் "2 மணிக்கு எடுத்துவிடுவேன்" என்று சீட்டு எழுதிச் செருகியிருப்பார்கள்.

அந்தக் காரில் ஒரு சார்ஜுக்கு 84 மைல் என்று கணக்கு. ஒரு ஜனவரி ராத்திரி, ஊரிலிருந்து திரும்பி வந்த மனைவியையும் பையனையும் அழைத்துவர ஏர்போர்ட்டுக்குப் போனேன். போக வர 75 மைல். ஹீட்டரைப் போட்டால் மைல் கண்முன்னே கரையும் என்பது லீஃப் ஓட்டிய எல்லோருக்கும் தெரியும், அதனால் ஹீட்டரை அணைத்துவிட்டு சீட் சூட்டை மட்டும் போட்டுக்கொள்வோம். பதினெட்டு மணி நேரம் விமானத்தில் வந்தவள் சால்வையைப் போர்த்திக்கொண்டு, "ஏங்க, ஹீட்டர் ரிப்பேரா?" என்றாள். வீட்டு வாசலுக்கு வந்தபோது திரையில் 6 மைல் மீதம் இருந்தது. இன்றைக்கு வருகிற கார்கள் சர்வசாதாரணமாக 250, 300 மைல் ஓடுகின்றன. பத்தே வருஷத்தில் தொழில்நுட்பம் அவ்வளவு தூரம் வந்திருக்கிறது, அதை நினைத்தால் இன்னமும் எனக்கு சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அந்த வேகத்துக்கு அரசியல்தான் ஈடுகொடுக்கவில்லை.

2015 ஜூலை 1 அன்று ஜார்ஜியா அந்த 5,000 டாலரை நிறுத்தியது. நிறுத்தியதோடு விடாமல், எலெக்ட்ரிக் காருக்கு வருடம் 200 டாலர் என்று ஒரு பதிவுக் கட்டணமும் போட்டது. ஜூன் மாதம் டீலர்களிடம் கூட்டம் அலைமோதியது, அடுத்த மாதத்திலிருந்து விற்பனை மளமளவென்று சரிந்தது. காரின் தரத்தில் ஒரு மாற்றமும் இல்லை, ஒரு மாநிலச் சட்டம் மாறியது, அவ்வளவுதான்.

இதில் எனக்கு ஒரு பக்கத்துக் கோபம் மட்டும் கிடையாது. தெற்கு ஜார்ஜியாவில் வேர்க்கடலை பயிரிடுகிறவர் கட்டிய வரியில் ஆல்ஃபரெட்டா ஐடி ஆட்கள் ஏன் இலவசமாகக் கார் ஓட்ட வேண்டும் என்று அன்றைக்குக் கேட்டார்கள். நியாயமான கேள்வி. நானே அதில் பயனடைந்தவன் என்பதால் சொல்கிறேன், அந்தச் சலுகை இல்லாவிட்டாலும் நாங்கள் பட்டினி கிடந்திருக்க மாட்டோம். ரோடு போடப் பணம் வேண்டும், அதில் என் பங்கைக் கட்டத் தயார். ஆனால் நான் வருடம் 7,000 மைல் ஓட்டுகிறவன். அதே தூரத்தை கேலனுக்கு 33 மைல் தரும் பெட்ரோல் காரில் ஓட்டினால், மாநில வரி கேலனுக்கு சுமார் 33 சென்ட் என்று வைத்தால், 70 டாலர்தான் வரும். எலெக்ட்ரிக் காருக்கு 200-க்கு மேல். ஓட்டுகிற மைலுக்கு ஏற்ப வாங்குங்கள் என்றால் சந்தோஷமாகக் கட்டுவேன்.

சரி, மத்திய அரசின் கதைக்கு வருகிறேன், நண்பனிடம் அதிக நேரம் பேசியது அதைப் பற்றித்தான். இன்றைக்கு எலெக்ட்ரிக் கார் என்றாலே ஜனநாயகக் கட்சிக்காரர் சமாச்சாரம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பிளக் போட்டு ஓட்டும் காருக்கு 7,500 டாலர் வரை சலுகை என்ற சட்டத்தில் 2008 அக்டோபரில் கையெழுத்துப் போட்டவர் ஜார்ஜ் புஷ். 2012 தேர்தல் விவாத மேடையில் மிட் ராம்னி, ஒபாமா அரசு பணம் கொடுத்துத் தூக்கிவிட்ட தோல்விக் கம்பெனிகள் என்று போட்ட பட்டியலில் டெஸ்லாவையும் சேர்த்தார். அதே டெஸ்லாவை 2025 மார்ச்சில் வெள்ளை மாளிகை வாசலில் வரிசையாக நிறுத்தி, டிரம்ப் அதில் சிவப்பு நிறத்தில் ஒன்றை வாங்குவதாக அறிவித்தார். பதின்மூன்று வருஷத்தில் ஒரே கம்பெனியின் கார் இரண்டு கட்சிக்கும் எதிரியாகவும் உறவாகவும் மாறி மாறி இருந்துவிட்டது. ஓட்டுகிறவன் காலையில் ஆபீசுக்கும் மாலையில் மளிகைக் கடைக்கும்தான் போய்க்கொண்டிருந்தான்.

2022 ஆகஸ்டில் பைடன் அரசு கொண்டுவந்த சட்டம் அந்த 7,500-ஐ 2032 வரை நீட்டித்தது, பழைய காருக்கும் 4,000 டாலர் வரை கொடுத்தது. அது செனட்டில் எப்படி நிறைவேறியது? 50-க்கு 50. துணை ஜனாதிபதி கமலா ஹாரிஸ் போட்ட ஒரு ஓட்டில் 51 ஆனது. அந்த 50 எங்கிருந்து வந்தது என்றால், பெரும்பகுதி எங்கள் ஊர்க்கதை: 2021 ஜனவரி 5 அன்று ஜார்ஜியாவில் நடந்த இரண்டு மறுசுற்றுத் தேர்தலிலும் ஜனநாயகக் கட்சி ஜெயித்தது. ஆசாஃபும் வார்னாக்கும் ஜெயிக்காமல் போயிருந்தால் அந்தச் சட்டமே கிடையாது. அதற்கு முந்தைய டிசம்பர் முழுக்க டிவியைப் போட்டால் தேர்தல் விளம்பரம், போனை எடுத்தால் மெசேஜ், வாரத்துக்கு இரண்டு முறை யாராவது கதவைத் தட்டுவார்கள்.

பிறகு 2025 ஜூலை 1, அதே செனட், டிரம்பின் பெரிய மசோதா. குடியரசுக் கட்சிக்காரர் மூன்று பேர் எதிர்த்ததால் மறுபடி 50-க்கு 50, இந்த முறை துணை ஜனாதிபதி வான்ஸ் ஒரு ஓட்டுப் போட்டார். மூன்று நாள் கழித்துக் கையெழுத்து. செப்டம்பர் 30-உடன் கார் சலுகை முடிந்தது. 2032 வரை என்று எழுதி வைத்ததை நம்பி வீட்டுக் கணக்குப் போட்டவர்களுக்கு மூன்று மாத அவகாசம்.

ஒரு ஓட்டில் வந்தது, ஒரு ஓட்டில் போனது. எனக்கு ஆறாத இடம் இதுதான். கார் என்பது வீட்டுக்கு அடுத்தபடி ஒரு குடும்பம் வாங்குகிற பெரிய பொருள், பத்து வருஷம் வைத்து ஓட்ட வேண்டியது. கம்பெனிகள் தொழிற்சாலை கட்டுவது இருபது, முப்பது வருஷக் கணக்கில். இதை நான்கு வருஷத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட்டால் யார்தான் எதை நம்பிக் கணக்குப் போடுவது? சலுகை கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை, கொடுக்கமாட்டோம் என்பதையாவது நிலையாகச் சொல்லுங்கள், அதற்கேற்ப வாழ்ந்துகொள்வோம்.

இத்தனையிலும் எனக்கு ஓட்டு இல்லை. வந்து பதினான்கு வருஷம், வரிசையில் என் இடத்தைக் காட்டும் தேதி (பிரயாரிட்டி டேட்) 2014, கிரீன் கார்டு வரிசையில் இன்னும் நின்றுகொண்டிருக்கிறேன். அந்த 2020 டிசம்பரில் கதவைத் தட்டிய ஒரு சின்னப் பெண், கல்லூரி மாணவியாக இருக்க வேண்டும், கையில் கிளிப்போர்டோடு, நீங்கள் ஓட்டுப் போடுவீர்களா என்று கேட்டாள். எங்களால் முடியாது என்றேன். அவள் முகம் வாடிப்போய், அதற்கும் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். வரி கட்டுகிறேன், சலுகை வாங்குகிறேன், சலுகை போகிறதைப் பார்க்கிறேன். பையன் இங்கே பிறந்தவன், அவனுக்கு இன்னும் ஐந்து வருஷத்தில் ஓட்டு வரும்.

இப்போது ஓட்டுகிற கார் 2024 வசந்தத்தில் வாங்கிய செகண்ட் ஹேண்ட். பழைய கார் சலுகைக்கு அப்போது நிபந்தனைகள் இருந்தன: விலை 25,000 டாலருக்கு மிகக் கூடாது, டீலரிடம்தான் வாங்க வேண்டும், அந்த டீலர் வருமான வரித்துறையின் தளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், விற்ற மூன்று நாளுக்குள் அதில் விவரத்தை ஏற்ற வேண்டும். முதலில் போன டீலரிடம் ஆள் நன்றாகப் பேசினார், பேப்பரெல்லாம் நீட்டிவிட்டார், சலுகை பற்றிக் கேட்டால், அதெல்லாம் அடுத்த வருஷம் வரி கட்டும்போது நீங்களே பார்த்துக்கொள்ளலாம் என்றார். அப்படிப் பார்த்துக்கொள்ள முடியாது, நீங்கள் ஏற்றாவிட்டால் எனக்கு 4,000 டாலர் போச்சு என்றேன். உள்ளே போய் மேனேஜரைக் கேட்டுவிட்டு வந்து, நாங்கள் அதில் சேரவில்லை என்றார். பேனாவை மேசையில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். எனக்குத் தெரிந்திருந்ததால் தப்பித்தேன், தெரியாமல் கையெழுத்துப் போட்டவர்கள் எத்தனை பேரோ. இவ்வளவு சிக்கலாக எழுதி வைத்தால், சலுகை யாருக்கு மிகவும் தேவையோ அவருக்குத்தான் முதலில் கைநழுவும்.

இன்னொன்றையும் நண்பனிடம் சொன்னேன். சலுகை முடிந்த மறுநாள், 2025 அக்டோபர் 1, ஹூண்டாய் தன் 2026 அயோனிக் 5 விலையை 9,800 டாலர் வரை குறைத்தது. சலுகையை விடப் பெரிய குறைப்பு. அப்படியானால் முன்பு கொடுத்த 7,500-ல் எவ்வளவு வாங்கியவருக்குப் போனது, எவ்வளவு விலைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது? எலெக்ட்ரிக் காரை ஆதரிக்கிற என்னைப் போன்றவர்கள் இந்தக் கேள்வியைத் தவிர்க்கக் கூடாது. அந்த அயோனிக் 5 சவானாவுக்குப் பக்கத்தில், எங்கள் மாநிலத்திலேயே தயாராகிற கார். ஜார்ஜியாவை எலெக்ட்ரிக் வண்டிகளின் தலைநகரமாக்குவேன் என்று சொன்னவர் குடியரசுக் கட்சி ஆளுநர் கெம்ப். அதே வளாகத்தில் பேட்டரி ஆலை கட்டிக்கொண்டிருந்த இடத்தில்தான் 2025 செப்டம்பர் 4 அன்று குடியேற்றத் துறை நுழைந்து 475 பேரைப் பிடித்தது, அதில் முந்நூறுக்கு மேற்பட்டவர்கள் கொரியர்கள். விசாவில் வேலை செய்கிறவன் என்ற முறையில் அந்த வீடியோவை என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை. ஆலையும் வேண்டும், ஆலையைக் கட்டத் தெரிந்தவனும் வேண்டாம் என்றால் என்ன செய்வது.

டன்வுடியில் ஒரு நண்பர் 2019-ல் டெஸ்லா வாங்கினார். அப்போது அவருடைய அலுவலகத்தில் சிலர், மரத்தைக் கட்டிப்பிடிக்கிற கூட்டத்தில் சேர்ந்துவிட்டாயா என்று கிண்டல் செய்தார்களாம். 2025 மார்ச்சில், இந்தியன் கடைக்குப் போய் கறிவேப்பிலையும் இட்லி அரிசியும் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தால், வைப்பருக்கு அடியில் ஒரு சீட்டு, இந்தக் காரை ஓட்ட வெட்கமாக இல்லையா என்று. எனக்கு அதைப் படித்துக் காட்டியபோது அவர் குரலில் கோபத்தை விடச் சலிப்புதான் இருந்தது. "நான் மஸ்குக்கா ஓட்டுப் போட்டேன்? பெட்ரோல் மிச்சம்னு வாங்கினேன், இன்னும் லோன் கட்டி முடிக்கல," என்றார். டெஸ்லா தலைவர் மஸ்க் டிரம்ப் அரசாங்கத்துக்குள் போய்ச் செய்தவற்றில் எனக்குப் பெரிய வருத்தங்கள் உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் அந்தச் சீட்டை எழுதியவர் தட்டியது தவறான கதவு.

அரசியல் போதும். பொருளாகப் பார்த்தால் என்ன? ஓட்ட அருமையான வண்டி, ஆயில் மாற்ற வேண்டாம், சத்தம் கிடையாது, ஜிஏ 400 நெடுஞ்சாலையில் ஏறும்போது கால் வைத்ததும் பாய்கிறது. என் குறையெல்லாம் கம்பெனிகள் காரை போனாக மாற்றிக்கொண்டிருப்பதில். மழை பெய்யும்போது வைப்பர் வேகத்தைக் கூட்ட நான் ஏன் திரையில் மெனு தேட வேண்டும்? கை தானாகப் போய்த் தொடுகிற இடத்தில் ஒரு குமிழ் இருந்தால் கண் ரோட்டில் இருக்கும். போனில் தவறாகத் தொட்டால் ஆப் மூடும், காரில் தவறாகத் தொட்டால் அப்படி முடியாது.

தகவல் திருட்டு இன்னும் மோசம். ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) கார்களிலிருந்து எப்போது பிரேக் போட்டார்கள், எவ்வளவு வேகம் போனார்கள் என்பதெல்லாம் தரகுக் கம்பெனிகள் வழியாக இன்ஷூரன்ஸ்காரர் கைக்குப் போனது 2024-ல் பத்திரிகையில் வெளியானது. ஒருவர் தன்னைப் பற்றிய அறிக்கையைக் கேட்டு வாங்கினால் 258 பக்கம் வந்ததாம். அப்புறம் நுகர்வோர் பாதுகாப்பைப் பார்க்கிற மத்திய அமைப்பான எஃப்டிசி தலையிட்டு, ஐந்து வருஷத்துக்கு அப்படிப்பட்ட தகவலைக் கொடுக்கக் கூடாது என்று கட்டிப்போட்டது. காசு கொடுத்துக் கார் வாங்கினவன் தன் கார் யாருக்கு வேலை செய்கிறது என்று யோசிக்கிற நிலைமை இருக்கக் கூடாது.

பிளக் விஷயத்தில் மட்டும் நல்லது நடந்திருக்கிறது. எங்கள் வீட்டு மேசை இழுப்பறையைத் திறந்தால் பழைய ஐபோன் வயர், மைக்ரோ யுஎஸ்பி, எதற்கென்றே தெரியாத தடித்த பின் என்று பாம்புப் பிடாரன் கூடை மாதிரி கிடக்கும். ஐரோப்பா சட்டம் போட்டு ஐபோனை யுஎஸ்பி-சிக்கு இழுத்து வந்தது. இங்கே கார் பிளக்கில் சட்டம் இல்லாமலே நடந்தது: 2022 நவம்பரில் டெஸ்லா தன் பிளக் வடிவத்தைத் திறந்துவிட்டது, 2023 மே மாதம் ஃபோர்டு, ஜூனில் ஜிஎம், பிறகு ஒவ்வொருவராக மற்றவர்களும் அதையே எடுத்துக்கொண்டார்கள்.

வெளியூர்ப் பயணம் இன்னும் சரியாகவில்லை. போன வருஷம் ஃப்ளோரிடா போகும் வழியில் மேகனைத் தாண்டி ஓரிடத்தில் நிறுத்தினோம், நல்ல மழை, மேலே கூரை கிடையாது. நான்கு சார்ஜர், ஒன்றில் திரை இருட்டு, ஒன்றில் வயர் அறுந்து தொங்குகிறது, மூன்றாவது கார்டை ஏற்காமல் ஆப்பைக் கேட்டது, ஆப் முதலில் பத்து டாலர் வாலட்டில் போடு என்றது. பையன் காருக்குள்ளிருந்து குடையை நீட்டிப் பிடிக்க, நான் விரைத்துப்போன வயரை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நான்காவதில் ஓர் அரை மணி காத்திருந்தேன். எதிரே பெட்ரோல் பங்கில் கூரைக்குக் கீழே நான்கு நிமிடத்துக்கு ஒரு கார் வந்து போகிறது. நெடுஞ்சாலை சார்ஜர்களுக்காக 2021 சட்டத்தில் 5 பில்லியன் டாலர் ஒதுக்கினார்கள், வேலை ஆமை வேகத்தில் போனது, 2025 பிப்ரவரியில் புதிய அரசு வந்து அதையும் நிறுத்தி வைத்தது. இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபம்தான்.

வீட்டில் சார்ஜ் போடுகிறவனுக்கு இந்தக் கவலையெல்லாம் வருஷத்தில் இரண்டு முறைதான். கராஜில் துணி உலர்த்தும் மெஷினுக்குப் போடுகிற மாதிரி ஒரு 240 வோல்ட் பிளக், இரவு 11 மணிக்கு மேல் காலை 7 மணி வரை மலிவு ரேட், காலையில் எழுந்தால் பேட்டரி நிறைந்திருக்கும். அப்பார்ட்மெண்டில் இருக்கிறவர்களுக்கு இந்த வசதி இல்லை, அவர்களைப் பற்றி எந்தக் கட்சியும் பேசிக் கேட்டதில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஓய்வுபெற்றவர், பெரிய பிக்கப் வைத்திருக்கிறார், 2024-ல் முற்றத்தில் டிரம்ப் போர்டு நட்டிருந்தார். என் காரைப் பற்றி ஆறு வருஷமாக ஒரு வார்த்தை கேட்டதில்லை. போன நவம்பரில் குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு வந்தவர் நின்று, உன் கரண்ட் பில் எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். அவருடையதைச் சொன்னார், என்னுடையதை விட அதிகம். அப்புறம் குரலைத் தாழ்த்தி, இந்த முறை மின்கட்டணக் கமிஷனுக்கு ஜனநாயகக் கட்சிக்குப் போட்டேன் என்றார். அவர் மட்டும் இல்லை. ஐந்து இடமும் குடியரசுக் கட்சியிடம் இருந்த அந்தக் கமிஷனில், 2025 நவம்பர் தேர்தலில் இரண்டு இடத்தை ஜனநாயகக் கட்சி 60 சதவீதத்துக்கும் மேல் வாங்கிப் பிடித்தது. எங்கள் மாநிலத்து வோக்டில் மின்நிலையத்தின் புது அணு உலைகள் ஏழு வருஷம் தாமதமாகி, செலவு 30 பில்லியன் டாலரைத் தாண்டி, அது மாதாமாதம் பில்லில் ஏறிக்கொண்டிருந்தது. பில்லில் கட்சி கிடையாது, அவருக்கும் எனக்கும் ஒரே ரேட். அன்றைக்குக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் இருபது நிமிடம் பேசினோம், இரவு ரேட் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவில்லை, எழுதிக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

நண்பனுக்குச் சொன்ன பதில் இதுதான். புது கார் வேண்டாம். செகண்ட் ஹேண்ட் பார். 2023-ல் லீஸ் என்றால் எந்த நாட்டில் செய்த காருக்கும் 7,500 கிடைத்ததால், நிறையப் பேர் லீஸில் எடுத்தார்கள், அந்தக் கார்களெல்லாம் 2026-ல் திரும்பி வரும். மூன்று வருஷப் பழசு, பேட்டரி வாரண்டி பெரும்பாலும் எட்டு வருஷம் அல்லது 100,000 மைல், அதில் ஐந்து வருஷம் மீதி இருக்கும். வாங்குவதற்கு முன் பேட்டரியின் நிலையைச் சோதித்து எழுத்தில் வாங்கு, உன் வீட்டில் 240 வோல்ட் பிளக் போட எலெக்ட்ரீஷியன் எவ்வளவு கேட்கிறான் என்று முதலில் பார், உங்கள் ஊரில் இரவு ரேட் இருக்கிறதா என்று விசாரி. வைப்பருக்குக் குமிழ் இருக்கிற வண்டியாகப் பார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரிடா, சனிக்கிழமை போய்ப் பார்க்கிறேன், நீ வீடியோ கால்ல வா," என்றான். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.